ஓடுவது வேறு, காவலில் இருப்பது வேறு
(எஹலியகொடயில் சிறுதொழில் புரிவோர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவு)



மழையையும் பொருட்படுத்தாமல், கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு, இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். மாலை வேளையில் ஒரு மணி நேர வியாபாரத்தை விட்டுவருவது எத்தகைய தியாகம் என்பதை, கடைக்காரக் குடும்பத்தில் பிறந்து, கல்லாப்பெட்டிக்கு அருகில் அமர்ந்து பாடம் படித்தவனாகிய நான் நன்கு அறிவேன். ஆதலால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உங்கள் கடைக் கணினியில் குடியிருக்கும் பழைய பணிசெயல் முறைமையை மாற்றுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்வதற்காகவே இங்கு நிற்கிறேன். பாடசாலைப் புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்றும், பத்திரிகைகளில் இயங்குதளம் என்றும், கடைத்தெருவில் விண்டோஸ் என்றும் வழங்கப்படுகின்ற அந்த ஒன்றைப் பற்றியதே இன்றைய பேச்சு.

சென்ற சில வாரங்களாக, இரத்தினபுரிக்குப் போகும் இந்தப் பெருவீதியின் இரு மருங்கிலும் உள்ள கடைகளுக்குச் சென்று, உங்கள் கணினியில் இருப்பது எந்த விண்டோஸ் என்று கேட்டு வந்தேன். பாமசியில் கேட்டேன், ஸ்டூடியோவில் கேட்டேன், உதிரிப்பாகக் கடையில் கேட்டேன், கொழுந்து நிறுத்து வாங்கும் இடத்தில் கேட்டேன். கடைகள் வேறு வேறாயினும், கிடைத்த விடை ஒன்றே: "எதுவென்று தெரியாது தம்பி. ஆனால் ஓடுகிறதே!"

ஓடுகிறதே! இந்த ஒரு சொல்லை ஆராய்வதற்குத்தான் இந்த மாலைப்பொழுதை உங்களிடம் கடனாகக் கேட்கிறேன்.

ஒரு பலசரக்குக் கடையில் நான் கண்ட கணினியை உங்கள் கண்முன் வைக்கிறேன். அரிசி மூட்டைக்கும் பருப்புச் சாக்குக்கும் நடுவே, தரையில் தண்ணீர் ஏறினாலும் நனையாதபடி, இரண்டு செங்கற்களை அடுக்கி அவற்றின்மேல் அந்தப் பெட்டியை நிறுத்தியிருந்தார்கள். அதன் நெற்றியில் சரஸ்வதி பூஜையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. விசிறித் துவாரத்தில் மாவுத்தூசி படிந்து, மூச்சு வாங்குபவரைப் போல அது இரைந்துகொண்டிருந்தது. அதிலிருந்தது விண்டோஸ் 7. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இந்தக் கணினிக்கு இனி ஆதரவு இல்லை என்று எச்சரிக்கும் அறிவிப்பு ஒன்று திரையை நிறைத்துக்கொண்டு எழுந்தது. முதலாளியின் மகள், பாடசாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் பில் அடித்துக்கொண்டிருந்த சிறுமி, அதைப் பார்க்காமலேயே ஒரு சொடுக்கில் மூடிவிட்டாள். "என்ன எழுதியிருந்தது, மகள்?" என்று கேட்டேன். "தெரியாது மாமா. அது எப்பவும் வரும், நாங்க மூடிடுவோம்" என்றாள்.

அன்பர்களே, அந்த அறிவிப்பு என்ன சொல்லிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது, யார் ஸ்டோருக்குப் போவது, யார் கவ்வாத்துக்குப் போவது என்று ஆளுக்கு ஆள் வேலை பிரித்துவிடும் கங்காணியைப் போல, கணினிக்குள்ளே எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பு எந்த இடத்தில், பில் அச்சிடும் இயந்திரத்துக்கு எப்போது கட்டளை, வெளியிலிருந்து வரும் எவனை உள்ளே விடலாம், எவனை வாசலிலேயே மறிக்க வேண்டும் என்றெல்லாம் ஒழுங்குபடுத்துவது பணிசெயல் முறைமை. அது மனிதர் எழுதியது; மனிதர் எழுதிய எதிலும் பிழை இருக்கும்; கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்ட ஒன்றில் பிழைகள் பலவாக இருக்கும். அப்பிழைகள் சிலவற்றின் வழியாகக் கள்வன் உள்ளே நுழைய முடியும். ஆகவே விண்டோஸை ஆக்கிய நிறுவனம், புதிதாக வெளிப்படும் ஒவ்வோர் ஓட்டையையும் அடைக்கும் திருத்தங்களைத் தொகுத்து, 2003ஆம் ஆண்டு முதல், மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று வெளியிட்டு வருகிறது. இறப்பர் மரத்தில் வெட்டுப்பட்டைக்கு மேலே மழைக்காப்புக் கட்டியவன், கட்டிய அன்றோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதில்லை அல்லவா? கசியும் இடத்தை மறுபடியும் மறுபடியும் பூசி அடைக்கிறான். அப்படிப்பட்ட பூச்சுத்தான் நீங்கள் அப்டேட் என்று சொல்வது.

இந்தப் பூச்சு வேலை என்றென்றைக்கும் நடப்பதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தது. அதற்கான பூச்சு வேலை, அதாவது அதன் காவல், 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 7, 2009இல் வந்தது. அதன் காவல் 2020 ஜனவரி 14இல் முடிந்தது. 2015இல் வந்து, இன்று இந்த மண்டபத்தில் உள்ளோரில் பெரும்பாலோரின் கடைகளில் இருக்கின்ற விண்டோஸ் 10க்கான பொதுக்காவலும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிவடைந்துவிட்டது. அன்றிரவு எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. மறுநாள் காலை வழக்கம்போலத் திறந்தது, வழக்கம்போலப் பில் அடித்தது. சம்பளம் நின்ற காவற்காரன் ஓசைப்படாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட, கடைக்கு வெளியே எரியும் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தால், உள்ளே உறங்கும் முதலாளிக்கு எப்படித் தெரியும்? ஓடுவது வேறு, காவலில் இருப்பது வேறு. அந்தச் சிறுமி மூடிய அறிவிப்புச் சொன்னது இவ்வளவுதான்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. அதைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. புதிய விண்டோஸும் பழைய விண்டோஸும் அடியோடு வெவ்வேறான இரண்டு வீடுகள் என்று எண்ணாதீர்கள். பழைய வீட்டின் சுவர்கள் பலவற்றை அப்படியே வைத்துக்கொண்டு எழுப்பிய வீடுதான் புதியது. ஆகையால் புதிய வீட்டில் ஓர் ஓட்டை அடைக்கப்படும்போது, எந்த இடத்தில் பூசினார்கள் என்று கள்வர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள்; பார்த்துவிட்டு, அதே ஓட்டை பழைய வீட்டில் அடைபடாமல் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். புதியதற்கு மருந்து வெளியாகும் நாள், பழையதற்கு முகவரி காட்டிக்கொடுக்கும் நாளாகிவிடுகிறது. மாதம் ஒன்று கழியக் கழிய, பழைய கணினியின் ஓட்டைகளைப் பற்றிக் கள்வன் அறிந்தது பெருகுகிறது. அதன் சொந்தக்காரன் அறிந்ததோ இருந்தபடியே இருக்கிறது.

"அப்படியே இருக்கட்டும், எங்களைப் போன்ற சிறு கடையை யார் தேடி வரப்போகிறார்கள்?" என்று உங்களில் ஒருவர் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. அதற்கு விடையாக, உங்களை 2017ஆம் ஆண்டு மே மாதத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அந்த மாதத்தை இந்த மாவட்டத்தில் மறந்தவர் யார்? மே 25ஆம், 26ஆம் திகதிகளில் வானம் பிளந்தாற்போல மழை கொட்டியது. களு கங்கை கரை புரண்டது. மண்சரிவு வீடுகளைப் புதைத்தது. 2003ஆம் ஆண்டு மே மாதத்துப் பெருவெள்ளத்தைக் கண்டிருந்த முதியவர்கள்கூடத் திகைத்து நின்றார்கள். ஆனால் அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே, மே 12ஆம் திகதி வெள்ளிக்கிழமை, உலகத்தின் மேல் வேறொரு வெள்ளம் வந்துவிட்டிருந்தது. வன்னாகிரை என்று பெயர்பெற்ற அந்த வைரஸ், கணினியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவைத்து, முந்நூறு டொலர் கொடுத்தால் திறந்து விடுகிறேன் என்று திரையில் எழுதிக் காட்டியது. சில நாள்களுக்குள் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகள் அகப்பட்டன. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வைத்தியசாலை நிர்வாகங்கள் பாதிப்புற்று, ஆயிரக்கணக்கான நோயாளரின் சந்திப்புகள் கைவிடப்பட்டன.

இதில் நம் நெஞ்சைச் சுட வேண்டிய செய்தி எது? அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14ஆம் திகதியே வெளியாகிவிட்டது என்பதுதான். மார்ச் 14 முதல் மே 12 வரை 59 நாள்கள். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகத்திடமிருந்து களவுபோன ஆயுதம் ஒன்று ஏப்ரல் மாதத்தில் இணையத்தில் பகிரங்கமாக எறியப்பட்டது. அதைக் கொண்டுதான் அந்த வைரஸைச் செய்தார்கள். அகப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 உடையவை; அன்றைக்கு அதற்குக் காவலும் இருந்தது, மருந்தும் இருந்தது, குடிக்கத்தான் ஆளில்லை. மருந்து இருந்தும் குடிக்காதவர்களின் கதி அதுவென்றால், மருந்தே நின்றுபோன கணினிகளை வைத்திருக்கும் நம் கதி என்ன?

சிறு கடையை யார் தேடி வருவார் என்று கேட்டீர்கள். எவரும் தேடி வரவில்லை, ஐயா! களு கங்கை எவருடைய பெயர்ப்பலகையையும் வாசித்துவிட்டு உள்ளே வரவில்லையே! அந்த வைரஸும் அப்படித்தான் வந்தது. ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு, திறந்த கதவு எங்கே என்று தானே தட்டிப் பார்த்துக்கொண்டு, மனிதர் கை எதுவும் படாமல் பரவியது. வைத்தியசாலையின் கதவு திறந்திருந்தது, நுழைந்தது. சில்லறைக்கடையின் கதவு திறந்திருந்தால் அங்கும் நுழையும். வெள்ளத்துக்கு அஞ்சிக் கணினியின் கீழே செங்கல் வைத்த அந்தக் கை, எவ்வளவு முன்யோசனையுள்ள கை! அதே முன்யோசனையை இன்னும் ஓர் அடி மேலே, பெட்டிக்குள்ளே, கொண்டுபோங்கள் என்பதே என் பிரார்த்தனை.

வெளிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்பீர்களாயின், நமது நாட்டின் தலைவாசலிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி, இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி வலையமைப்பை இத்தகைய பணம் பறிக்கும் வைரஸ் ஒன்று தாக்கியது. அரசாங்கத்தின் மின்னஞ்சல் முகவரிகள் ஐயாயிரம் அளவில் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகமும் அதற்கு விலக்காகவில்லை. அவ்வாண்டு மே 17ஆம் திகதி முதல் தாக்குதல் நடந்த நாள்வரையிலான மின்னஞ்சல்கள், மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட கடிதப் போக்குவரத்து, மீட்க முடியாமற் போயின. காரணம் என்ன? மின்னஞ்சலைக் கையாண்ட மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான காவல் அந்த ஏப்ரல் மாதத்தோடுதான் முடிந்திருந்தது. புதுப்பிக்க வேண்டும் என்ற யோசனை 2021 முதல் இருந்தது. பணத்தட்டுப்பாட்டாலும் தீர்மானங்களின் தாமதத்தாலும் தள்ளிப்போயிற்று. அந்த மூன்று மாதங்களுக்கு வேறிடத்தில் வைத்த பிரதியும் இருக்கவில்லை. இதை நான் எவரையும் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று நீங்களும் நானும் சொல்லும் அதே சொல்லை ஓர் அரசாங்கமே சொல்லி, அதன் விலையையும் கொடுத்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி என் சொந்த வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதை மேடையில் சொல்லலாமா என்று என் சித்தப்பாவிடம் கேட்டு, அனுமதி பெற்றுத்தான் சொல்கிறேன்.

சித்தப்பாவின் கடை ஒரு தோட்டத்தின் முகப்பில் இருக்கிறது. லயத்துச் சனங்கள் மாதம் முழுதும் கடனுக்குச் சாமான் எடுத்து, சம்பளத்தன்று வந்து கணக்குத் தீர்ப்பார்கள். நீளமான கடன் கொப்பியில் முப்பது வருடம் எழுதிய மனிதர், மகன் படித்து வந்து கணினி வாங்கி வைத்த பிறகு, கொப்பியை நிறுத்திவிட்டார். இரண்டு வருடம் மிகவும் சௌகரியமாக ஓடியது. ஆம், ஓடியது! சம்பளத்துக்கு நான்கு நாள் முன்னதாக, யாரோ அனுப்பிய பில் என்று நினைத்து மின்னஞ்சலில் வந்த ஒன்றைத் திறந்திருக்கிறார். பின்னேரம் கணக்கைத் திறந்தால், ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத ஒரு வால் முளைத்திருந்தது, எதுவும் திறக்கவில்லை, பணம் கேட்கும் ஆங்கிலக் கடிதம் ஒன்று மட்டும் திறந்தது. விண்டோஸ் 7 கணினி. பிரதி இல்லை. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று சித்தி சொன்னார்.

சம்பளத்தன்று நானும் கடைக்குப் போனேன். கணக்கு அழிந்த செய்தி லயம் முழுதும் பரவியிருந்தது. ஒருவரேனும் வருவார்களா என்று அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, மக்கள் வந்தார்கள். "முதலாளி, எனக்கு இவ்வளவு வரும்னு நெனைக்கிறேன்" என்று தாங்களே சொல்லிப் பணத்தை மேசையில் வைத்தார்கள். நினைவில்லாதவர்கள் குறைத்துச் சொல்லாமல் கூட்டிச் சொன்னார்கள். கடைசியாக ஒரு பாட்டி, கொழுந்தெடுத்துக் கறுத்துப்போன விரல்களால், மடியிலிருந்து ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்தார். பேத்தியைக் கொண்டு, சாமான் வாங்கும் ஒவ்வொரு நாளும் எழுதிவைத்த கணக்கு. ஒரு இறாத்தல் பாண், கால் கிலோ பருப்பு, ஒரு சவர்க்காரக் கட்டி, எல்லாம் திகதியோடு பென்சிலில். "சரியான்னு பார்த்துக்குங்க தம்பி" என்றார். அந்தக் கொப்பியைக் கையில் வாங்கியபோது சித்தப்பாவின் கண்கள் கலங்கியதை நான் பார்த்தேன்.

அந்தக் கடையில் அன்றைக்கு இருந்த ஒரே பிரதி அதுதான். கணினி இருந்த இடத்துக்கு வெளியே, கணினியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், ஒரு பாட்டியின் மடியில் இருந்த பிரதி.

வியப்பு என்னவென்றால், உலகத்தின் மிகப் பெரிய கப்பற்கம்பனிகளுள் ஒன்றையும் இதே போன்ற ஒன்றுதான் காப்பாற்றியது. நமது தேயிலைக் கொள்கலன்களையும் ஏற்றிச் செல்லும் மேர்ஸ்க் என்ற கம்பனியை, 2017 யூன் 27ஆம் திகதி, உக்ரேனில் தொடங்கிய மற்றொரு வைரஸ் தாக்கி, உலகெங்கும் உள்ள அதன் கணினிகளைச் செயலற்றவையாக்கியது. 45,000 கணினிகளிலும் 4,000 சேவையகங்களிலும் பணிசெயல் முறைமையை மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. ஆனால் வலையமைப்புக்கு மூலாதாரமான பதிவேடு அழிந்திருந்தது. உலகமெங்கும் பிரதிகள் வைத்திருந்தும், அவையனைத்தும் ஒன்றோடொன்று இணைந்திருந்தமையால் அனைத்தும் ஒன்றாக அழிந்தன. தேடித் தேடிப் பார்த்தபோது, ஆபிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில், தாக்குதல் நடந்த வேளையில் மின்சாரம் தடைப்பட்டிருந்ததால் வலையமைப்பிலிருந்து விடுபட்டிருந்த, அந்தப் பதிவேட்டின் பிரதியுள்ள ஒரே ஒரு கணினி தப்பியிருந்தது. அதிலிருந்துதான் அந்தப் பெருங்கம்பனி தன்னை மீட்டெடுத்தது. கானாவில் மின்வெட்டு செய்ததை எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டியின் பென்சில் செய்தது.

இனி, நீங்கள் மாற்றாமல் இருப்பதற்குச் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். அவற்றை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

முதற்காரணம் பணம். 2022ஆம் ஆண்டில் நாம் பட்ட பாட்டை எவர் மறப்பார்? இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூற்றறுபதைத் தொட்டது. கணினியின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. விண்டோஸ் 11க்கோ, திறவுகோல்களைப் பாதுகாக்கும் டி.பி.எம். 2.0 என்ற சில்லும், எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்கு நிகரான நுண்செயலியும் வேண்டும் என்பது நிபந்தனை. 2018க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் இந்த வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படும். நன்றாக உழைக்கும் பெட்டியைக் குப்பையில் போடு என்று ஏழை வியாபாரியிடம் சொல்வது எனக்கும் உவப்பானதன்று. ஆனால் வழிகள் உண்டு. புதிய பெட்டியே வேண்டும் என்பதில்லை; தகுதியுள்ள பாவித்த கணினிகளும் விற்பனைக்கு வருகின்றன. விண்டோஸ் 10க்கு நீடித்த காவலும் உண்டு. வீட்டுப் பாவனைக் கணினிகளுக்கு அது 2026 ஒக்டோபர் 13 வரை நீளும். வர்த்தக நிறுவனங்களுக்கு முதலாண்டில் கணினி ஒன்றுக்கு 61 டொலர், அடுத்த ஆண்டுகளில் அது இரட்டித்துக்கொண்டே போகும். இது தவணை வாங்குவதே தவிரக் கடனைத் தீர்ப்பதன்று.

மூன்றாவது வழி ஒன்று உண்டு; அதைக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமை 1991 முதல் வளர்ந்து வருகிறது. அதன் வடிவங்களான உபுண்டு, லினக்ஸ் மின்ற் ஆகியவை இலவசம். பழைய பெட்டிகளிலும் ஓடும். தொடர்ந்து காவலும் உண்டு. இலவசமாகக் கிடைப்பது தரமாக இருக்குமா என்று கேட்பீர்கள். 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கி நம் நாட்டைச் சூறையாடியபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து பேண, இந்நாட்டு மென்பொருள் இளைஞர்கள் தொண்டு மனத்தோடு சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். இலவசமாக, எவரும் எடுத்தாளும்படி விட்டார்கள். பின்னர் பிற நாடுகளின் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. இலவசமாகப் பகிர்வது நம்மவர் கைவந்த கலை. கடிதம் அடித்தல், போட்டோக்கொப்பி, இணையம், எளிய கணக்கு, இவை மட்டும் நடக்கும் கடைகளுக்கு லினக்ஸ் போதும். ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும் பில் மென்பொருள் வைத்திருப்போர், அதைச் செய்து கொடுத்தவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இரண்டாம் காரணம் டேட்டா. "அப்டேட் டேட்டாவைத் தின்கிறது, அதனால் நிறுத்திவைத்திருக்கிறோம்" என்று பலர் சொன்னீர்கள். தொலைபேசியிலிருந்து இணையம் எடுத்துக் கடை நடத்துவோரின் கஷ்டம் எனக்கு விளங்குகிறது. நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டாவைப் பலர் பாவிக்காமலேயே விட்டுவிடுகிறீர்கள். மாதத்தில் ஓர் இரவு கணினியை அணைக்காமல் விட்டால், அந்த டேட்டாவே இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது காரணம், திருட்டுப் பிரதியே போதும் என்ற எண்ணம். இதைச் சொல்லும்போது எவரும் என்மேல் கோபிக்க வேண்டாம். மென்பொருளை அனுமதியின்றிப் பிரதி செய்வது, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம். சட்டத்தை ஒருபுறம் வையுங்கள். பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று எவனோ முகமறியாதவன் இணையத்தில் வைத்த கருவியைக் கொண்டு நம் கடையின் பூட்டை உடைக்கிறோமே, அந்தக் கருவிக்குள் அவன் தனக்கென்று ஒரு சாவியை வைத்திருக்க மாட்டான் என்று எவ்வாறு நம்புவது? ஐயாயிரம் ரூபாக் கடனுக்குக்கூட ஆளை விசாரித்துக் கொடுக்கும் நீங்கள், முழுக் கணக்கையும் ஒரு முகமறியாதவன் கையில் கொடுக்கலாமா?

எழுத்துப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது. இது நமக்கே உரியது. பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்க் கடிதங்கள் புதிய கணினியில் திறந்தால், எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். பயந்து விடாதீர்கள், பழைய கணினியிலுள்ள எழுத்துருக்களையும் பிரதி எடுத்துக் கொண்டுபோங்கள். புதிதாக அடிப்பனவற்றை யூனிகோடில் அடியுங்கள். சிங்களமும் தமிழும் ஒரே பில்லில் இருக்க வேண்டிய இந்த ஊரில், இரண்டையும் எழுத்துருத் தொல்லையின்றி அருகருகே காட்டும் வசதி புதிய முறைமைகளில் தாமாகவே அமைந்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு தயக்கம் மிஞ்சும். மாற்றினால் சில நாள்கள் வேலை தடைப்படுமே, பழகிய இடங்கள் மாறிப்போகுமே, பில் இயந்திரம் முரண்டு பிடிக்குமே என்ற தயக்கம். உண்மைதான், தடைப்படும். ஆனால் கவ்வாத்து என்ற சொல்லை நான் உங்களுக்கு விளக்க வேண்டுமா? தளிர்த்து நிற்கும் தேயிலைச் செடியை, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கட்டைதான் மிச்சம் என்னும்படி வெட்டுகிறோம். சில மாதங்கள் அந்த மலையில் கொழுந்து இல்லை. புதிதாய்ப் பார்ப்பவன், பாவிகள், பச்சைச் செடியை வெட்டுகிறார்களே என்பான். வெட்டாமல் விட்டால் மட்டம் கைக்கு எட்டாமல் ஏறிப் போவதையும் கொழுந்து குறைவதையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் நாம். கவ்வாத்து வெட்டும் பருவத்தை நாமே பார்த்துக் குறிக்கிறோம். எல்லா மலையையும் ஒரே நாளில் வெட்டுவதுமில்லை. கணினியிலும் அப்படியே செய்யுங்கள். சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்துக்கு முதல் வாரத்தில் மாற்றாதீர்கள், சம்பளத்தன்று மாற்றாதீர்கள், வியாபாரம் மந்தமான வாரத்தைப் பாருங்கள். இரண்டு கணினி உள்ளவர் ஒன்றை மட்டும் முதலில் மாற்றி, பில் இயந்திரமும் தராசும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகு மற்றதில் கை வையுங்கள்.

எதற்கும் முன்னதாகப் பிரதி எடுங்கள். இதை மூன்று தரம் சொல்ல ஆசைப்படுகிறேன்: பிரதி எடுங்கள், பிரதி எடுங்கள், பிரதி எடுங்கள். பென் டிரைவ் ஒன்றிலும் வெளித்தட்டு ஒன்றிலுமாக எடுத்து, எடுத்தவுடன் கணினியிலிருந்து கழற்றி விடுங்கள். கழற்றாத பிரதி, கள்வன் வரும்போது கணக்கோடு சேர்ந்தே போகும். ஒன்றைக் கடையில் வைத்தால் மற்றொன்றை மேட்டு நிலத்திலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். இந்த மாவட்டத்தில் வெள்ளமும் உலகத்தில் வைரஸும் ஒரே மாதத்தில் வந்ததுண்டு என்பதை மறவாதீர்கள்.

என் சித்தப்பாவின் கடையில் இப்போது புதிய முறைமை இருக்கிறது. பழைய கடன் கொப்பியும் திரும்பி வந்துவிட்டது; சனிக்கிழமை இரவுகளில் மகன் கணக்கை அச்சடித்துக் கொடுக்க, அவர் அதைக் கொப்பிக்குள் ஒட்டி வைக்கிறார்.

நான் பேசி முடிக்கப் போகிறேன். அதற்கு முன் ஒரு சிறு வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். இன்றிரவோ நாளைக் காலையோ கணினியைத் திறந்தவுடன், விண்டோஸ் அடையாளமுள்ள விசையை அழுத்திக்கொண்டே ஆர் என்ற எழுத்தைத் தட்டுங்கள். சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் டபிள்யூ, ஐ, என், வி, ஈ, ஆர் என்ற ஆறு எழுத்துகளையும் அடித்து, என்டர் விசையைத் தட்டுங்கள். உங்கள் கணினியில் குடியிருப்பது எந்த விண்டோஸ் என்று அதுவே சொல்லும். அதில் காணும் எண்ணை ஒரு பில் துண்டின் பின்புறத்தில் எழுதி, கடையின் பெயரையும் எழுதி, வாசலில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகளிடம் வரும் ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடுங்கள். அன்று இதே மண்டபத்தில் காலை முதல் மாலை வரை அவர்கள் இருப்பார்கள். பெட்டியைக் கொண்டுவந்தால் பிரதி எடுத்துக் கொடுப்பார்கள். எந்தக் கணினிக்கு எந்த வழி பொருந்தும் என்று பார்த்துச் சொல்வார்கள். காசு எதுவும் வேண்டாம். பெட்டியைத் தூக்கி வர முடியாத பெரியவர்கள் சொல்லியனுப்பினால், அவர்களே முச்சக்கர வண்டியில் கடைக்கு வருவார்கள். வரும்போது பில் இயந்திரத்தின் வயரையும், மென்பொருளோடு தந்த சிறு சாவிக் கட்டை இருந்தால் அதையும், மறவாமல் எடுத்து வையுங்கள்.